நாலுக்கு நாலு

ஒரு ஆளின் குரலைப் பிடித்து வைக்க மூன்று நாள் போதும். முந்நூறு வாக்கியங்கள், ஒரு கண்ணாடி அறை, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பிளாஸ்க் வெந்நீர். விளக்கு எரிந்தால் படிக்க வேண்டும், அணைந்தால் நிறுத்த வேண்டும். பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். என் பெயர் மங்கையர்க்கரசி. எனக்குப் பாம்புச் செவி என்று கம்பெனியில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதே நான்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

வேலூரில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எதிர்ச்சந்தில், 'மறுகுரல்' எங்கள் நிறுவனம். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்தே தீரவேண்டும் என்று ஆனவர்கள், ஆபரேஷனுக்கு முன்னால் எங்களிடம் வருவார்கள். குரலைப் பதிந்துகொள்வோம். புண் ஆறியதும் கழுத்தில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை கட்டுவோம். நாக்கும் உதடும் கழுத்துத் தசையும் எதைச் சொல்ல அசைகின்றன என்று பட்டை கண்டுபிடித்து, அவர்களுடைய பழைய குரலிலேயே பேசிவிடும். முதல் தடவை பட்டை பேசும்போது குடும்பமே அழும். நான் அழமாட்டேன். 'ழ' சரியாக விழுந்ததா என்று கவனித்துக்கொண்டிருப்பேன்.

ஸோரமியை எனக்கு அந்த அழுகைகளின் நடுவில்தான் பழக்கம். தொண்டை வார்டில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். மிசோரத்துக்காரி. பட்டை கட்டிய எங்கள் நோயாளிகளுக்குப் பேசப் பழக்கிவிடுவது அவள்தான். குடியாத்தத்திலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வந்த நோயாளிகளிடம் தமிழ் கற்றுக்கொண்டவள். அதனால் அவள் பேச்சில் 'இன்னா'வும் 'கீது'வும் எங்களைவிட அதிகம். பெயர் வாயில் நுழையாத கிழவர்கள் அவளை ஜோரம்மா ஆக்கிவிட்டிருந்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, நோயாளி யாரையும் கூட்டிவராமல் தனியாக வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா சிஸ்டர், யாருக்கு?" என்றேன், அவளை மாதிரியே.

"எனக்குத்தான்க்கா," என்றாள். அவள் குரல் இரண்டு மாதமாகக் கம்மிக்கொண்டு இருந்தது. ஜலதோஷம் என்று நினைத்திருந்தேன். பாம்புச் செவி!

அவளுக்கு ஒரு மகள். ரினி, நாலரை வயது. கணவன் பிரிந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஒருகாலத்தில் அவளோடு விடுதியில் இருந்த மிசோ நர்ஸுகள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் போய்விட்டார்கள். ரினிக்கு ஆஸ்பத்திரிக் காப்பகத்தில் தமிழ், தெருவில் தமிழ், தொலைக்காட்சியில் தமிழ். மிசோ பேச உலகத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்குத்தான் அடுத்த வியாழக்கிழமை குரல்வளையை எடுக்கப்போகிறார்கள்.

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: 'சுரமொழியா? ஆம் / இல்லை.' அதுவரை எல்லாருக்கும் 'இல்லை' போட்டுத்தான் எனக்குப் பழக்கம். முதல் தடவையாக 'ஆம்' போட்டு எதிராஜ் சாரிடம் கொண்டுபோனேன். எதிராஜ் எங்கள் தலைமைப் பொறியாளர். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவர் யாராவது செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மிசோவா? சுரம் எத்தனை?" என்று கேட்டார்.

"நாலு சார்," என்றாள் ஸோரமி. "ஒசரமா ஒண்ணு, ஏர்றது ஒண்ணு, தாழ்வா ஒண்ணு, எறங்கறது ஒண்ணு. ஒரே எழுத்துதான், ட்யூன் மாறிச்சின்னா வேற வார்த்தை."

எதிராஜ் முகம் மலர்ந்தது. "அட, சீனத்துலயும் நாலுதாம்மா! நம்மகிட்ட சீனத்துக்குச் செஞ்ச சுரப்பொறி ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோம். சும்மாதான் கெடக்கு. எந்த வார்த்தைக்கு எந்த சுரம்னு உங்க அகராதியில இருக்குமில்ல? வார்த்தைய பட்டை கண்டுபிடிச்சிடும், அகராதி சுரத்தோட நம்பரைச் சொல்லிடும், பொறி அதைப் போட்டுடும். குரல் உங்களோடது. நாலுக்கு நாலு. பொருந்திடுச்சு!"

பொறியின் மாதிரி ஒலிகளைப் போட்டுக் காட்டினார். நாலு தடவை ஒரு பெண் குரல் ஒரே அசையைச் சொன்னது. ஸோரமி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"சார், இவங்களோட தாழ்வு கீழ போயி வளஞ்சி திரும்பி வருது. எங்களுது கீழ போனா அங்கயே குந்திக்கும்."

"சின்ன வித்தியாசம்தானே. அர்த்தம் புரியுமில்ல?"

"புரியும் சார்," என்று இழுத்தாள்.

"அப்புறமென்ன!"

நானும் தலையாட்டினேன். எங்கள் மொழியில் சுரத்தால் வார்த்தை மாறுவதில்லை. இல்லாத ஒன்று இன்னொரு மொழியில் இருக்கிறது என்றால், அதே ஒன்றுதான் எல்லா மொழியிலும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். பனியே பார்க்காதவனிடம் இரண்டு ஊர்ப் பனியைப் பற்றிச் சொன்னால் இரண்டும் ஒன்றுதானே என்பான். நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் சொன்னோம்.

பதிவு திங்கள், செவ்வாய், புதன். முந்நூறு தமிழ் வாக்கியம். அவள் குரலின் தன்மையைப் பிடிக்க அது போதும் என்பது எங்கள் கணக்கு. மிசோவுக்கு என்று ஒரு பட்டியல் தயாரித்தோம்: நூற்றிருபது தனித்தனி வார்த்தைகள். ஒலிகள் எல்லாம் வந்துவிடும். சுரத்தைப் பொறி பார்த்துக்கொள்ளும்.

இடைவேளையில் டீ குடிக்கும்போது கேட்டேன், "அப்படி என்னதான் சிஸ்டர் வித்தியாசம்? நாலுன்னா நாலுதானே?"

அவள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"நம்ம வார்டுக்குத்தான் ஊரு ஒலகமே வருதேக்கா. எல்லாரையும் கேட்டுக்கினே கீறேன். மணிப்பூர் சிஸ்டர் ஒருத்தங்க இருந்தாங்க, அவங்களுக்கு ரெண்டே ரெண்டு. போன வருஷம் வியட்நாம்காரர் வந்தாரே, அவருக்கு ஆறு. அதுல ஒண்ணு, நடுவுல தொண்டைய அறுத்து ஒட்டணும். நைஜீரியா அம்மாவுக்கு மூணு, ஆனா வளையவே வளையாது. மூணு படிக்கட்டு, படியில நிக்கணும். பேசப் பேச அந்தப் படியே மொத்தமா கீழ எறங்கிக்கினு போவும். பஞ்சாப் தாத்தா ஒருத்தரு, அவரு பாஷைலயும் கீதுன்னு அவருக்கே தெரியல. நான் சொன்னதும் திட்டிட்டாரு."

"உங்களுது?"

"எங்களுது பக்கத்து வார்த்தைய பாத்து நடந்துக்கும். தனியா நிக்கறப்ப ஒரு மாதிரி, பக்கத்துல ஆளு வந்துச்சின்னா வேற மாதிரி. அத பட்டியல் போட முடியாதுக்கா. பேசனாத்தான் வரும்." டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னொண்ணு. நீங்க கோவம் வந்தா ட்யூன மேல ஏத்தறீங்க. கொஞ்சறதுன்னா நெளிக்கிறீங்க. எங்களுக்கு ட்யூன வார்த்தையே எடுத்துக்கிச்சு. அப்ப கோவத்த எங்க வெக்கறது, கொஞ்சறத எங்க வெக்கறது? மூச்சுல வெப்போம். இழுக்கறதுல வெப்போம். பாதியில விட்டுடறதுல வெப்போம். எங்கம்மா மூச்சு விடறதுலயே அடி விழப்போவுதுன்னு தெரியும்."

"அழகா சொல்றீங்க," என்றேன். மூன்று மணிக்குள் இன்னும் நாற்பது வாக்கியம் முடிக்க வேண்டியிருந்தது.

"அக்கா, கடைசியில ஒரு மணி நேரம் சும்மா எங்க பாஷையில பேசிக்கினு இருக்கட்டுமா? பட்டியல் கிட்டியல் எதுவும் வாணாம். ரினிகூட பேசறேன். பதிஞ்சி வெச்சிக்கோங்க. எதுக்காவது ஆவும்."

"பட்டியல்ல இல்லாதத வெச்சிருக்கக் கூடாது சிஸ்டர். நேரமும் இல்ல."

விதி அப்படித்தான். நோயாளிகள் விளக்கு அணைந்திருக்கும்போது வீட்டு விஷயம் பேசுவார்கள், மருமகளைத் திட்டுவார்கள், அழுவார்கள். ஒலிவாங்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அவர்களுடைய அந்தரங்கம் எங்களிடம் தங்கக்கூடாது. அதனால் விளக்கு எரிந்தபோது பேசியதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியைக் 'குப்பை' என்று ஒரு பெட்டியில் போட்டு, வெள்ளிக்கிழமை மாலை அழித்துக் கையெழுத்துப் போடுவோம். மிக நல்ல விதி. எழுதியவளே நான்தான்.

அந்த மூன்று நாளும் சிவப்பு விளக்கு அணைந்தபோதெல்லாம் ஸோரமி கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்த மகளிடம் மிசோவில் பேசிக்கொண்டே இருந்தாள். ரினி இந்தப் பக்கத்து ஒலிவாங்கியில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அடுத்த வாக்கியத்துக்கு நேரம் ஆகிறதே என்று விரலால் மேசையைத் தட்டுவேன். அவள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு விளக்கைப் பார்ப்பாள்.

கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. தாய் மகளிடம் பேசும் மிசோ, முழுக்க முழுக்க, தங்குதடை இல்லாமல். வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்குக் குப்பையை அழித்துக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஏழு வாரம் கழித்துப் பட்டை கட்டினோம்.

முதலில் தமிழ். ஸோரமி வாயைத் திறந்தாள். "இன்னாக்கா, நல்லாக் கீறீங்களா?" என்று அறை முழுக்க அவள் குரல் வந்தது. அந்தக் கீச்சு, அந்தக் கிண்டல், எதுவும் விட்டுப்போகவில்லை. கோபமாகப் பேசச் சொன்னேன், கோபம் வந்தது. கொஞ்சச் சொன்னேன், கொஞ்சல் வந்தது. தமிழ்க் கொஞ்சலும் கோபமும் ஏற்ற இறக்கத்தில்தானே இருக்கின்றன. பதினோரு வருஷமாக அதைத்தான் தேய்த்து மெருகேற்றியிருக்கிறோம். எதிராஜ் கைதட்டினார்.

பிறகு மிசோவுக்கு மாற்றினோம். அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். தன் குரலைத் தானே கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நர்ஸுகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"புரியுதில்லம்மா?" என்றார் எதிராஜ்.

தலையசைத்தாள். புரியத்தான் செய்தது.

ரினியைக் கூட்டிவந்தார்கள். அம்மா வாய் பேசாமல் இருந்த ஏழு வாரமும் குழந்தை அவள் படுக்கையைச் சுற்றியேதான் இருந்திருக்கிறாள். அம்மாவுக்கு இன்றைக்குப் பேச்சு வரும் என்று காப்பகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, தலையில் மஞ்சள் ரிப்பனோடு வந்திருந்தாள். ஓடி வந்து அம்மா மடியில் ஏறி, பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஸோரமி அவள் தலையைக் கோதிக்கொண்டே மிசோவில் ஒன்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டதாகப் பிறகு சொன்னாள்.

ரினி அவள் முகத்தையே பார்த்தாள். மடியிலிருந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். அப்புறம் தமிழில், கடைக்காரர்களிடமும் டாக்டர்களிடமும் பேசுகிற மரியாதைக் குரலில், "சாப்ட்டேன் ஆன்ட்டி," என்றாள்.

சொன்னதும் அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். யார் மடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. வெளியாள் மாதிரிப் பேசுகிறவர்களுக்கு எந்த மொழியில் பதில் சொல்ல வேண்டுமோ அந்த மொழியில் சொல்லிவிட்டது.

ஸோரமி இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். குழந்தை அழத் தொடங்கியது. "அப்படி பேசாதம்மா, அப்படி பேசாத," என்று தமிழிலேயே அழுதது.

அன்றைக்கு நான் அழுதேன். 'ழ' எங்கே விழுந்தது என்று யார் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் நாலு மாதம் என்னால் ஆனதை எல்லாம் செய்தேன். எதிராஜும் சும்மா இருக்கவில்லை. சீனத்து வளைவை நிமிர்த்தினோம், ஏற்றத்தைச் சுருக்கினோம். ஒரு சுரத்தைச் சரிசெய்தால் அதன் பக்கத்து வார்த்தை கோணிக்கொண்டது. பொறிக்கு உண்மையான பேச்சு வேண்டும், குறைந்தது நாற்பது நிமிஷம். ஸோரமியின் கைப்பேசியில் இருந்த வீடியோக்களை எல்லாம் வாங்கிக் கேட்டேன். பாதியில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டில் சுரத்தை மெட்டு எடுத்துக்கொண்டுவிடுகிறது. மீதியில் ரினி கத்திக்கொண்டிருந்தாள், ஸோரமி பின்னாலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சுத்தமான பேச்சு மூன்று நிமிஷம்கூடத் தேறவில்லை.

வாரம் ஒருநாள் அவள் வருவாள். ஒவ்வொரு தடவையும் புதுத் திருத்தத்தைப் போட்டுப் பார்ப்போம்.

"எப்படி இருக்கு?"

"போன வாரம் சீனாக்காரி மிசோ பேசினா. இந்த வாரம் சென்னைக்காரி பேசறா," என்றாள் ஒருநாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அய்ய, கிண்டல் பண்ணேன்க்கா," என்று என் கையைப் பிடித்தாள். அவள் என்னைச் சமாதானப்படுத்தும் அளவுக்கு என் நிலை இருந்தது.

"வீட்ல ரினி எப்படிப் பேசறா?"

"தமிழ்தான். நான் எங்க பாஷைல ஆரம்பிச்சா காத மூடிக்கிறா. எனக்குமே என் காது கூசுது. சாமிகிட்ட மட்டும் எங்க பாஷைல பேசறேன், பட்டைய அணைச்சிட்டு."

எதிராஜ் அன்று எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "அம்மா, ஒரு வழி இருக்கு. ஐஸ்வாலுக்கு ஒரு குழுவை அனுப்பி, நூறு பேர் பேச்சைப் பதிஞ்சு, மிசோவுக்குன்னே தனிப் பொறி செஞ்சிடலாம். நான் எழுதிக் கேட்டிருக்கேன். ரெண்டு வருஷம் ஆகும்."

"ரெண்டு வருஷத்துல ரினிக்கு ஏழு வயசு சார்," என்றாள் ஸோரமி. அவள் குரலில் எந்தக் குறையும் இல்லை. தமிழ். "அப்ப அந்தப் பொறி பேசறது அவளுக்குப் புரியாது."

எதிராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் போனபிறகு கேட்டார், "அந்தக் குப்பை மொத்தமா போயிடுச்சா மங்கை?"

"நானே அழிச்சேன் சார்."

"ஒண்ணும் மிச்சமில்லையா?"

"நான் எப்பவும் மிச்சம் வைக்கிறதில்ல சார்."

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது.

ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவின்போது ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் அறையின் அமைதியைப் பதிந்துகொள்வோம். முழு அமைதி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நாளும், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு ஆளோடும், அறைக்கு ஒரு தனி அமைதி உண்டு. பட்டை பேசும்போது வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் அந்த அமைதியைத்தான் நிரப்புவோம். இல்லாவிட்டால் இடைவெளிகள் செத்துப்போன மாதிரி இருக்கும். அந்தக் கோப்பு குப்பைப் பெட்டியில் சேராது. அமைதி பேச்சில்லையே.

ஐந்தாவது மாதம், வேறு ஒரு நோயாளியின் பட்டையில் ஏதோ இரைச்சல் என்று பழைய அமைதிக் கோப்புகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸோரமியினுடையதைத் திறந்தேன்.

புதன்கிழமைக் காலை அது. ஞாபகம் வந்துவிட்டது. அமைதி பதிய விளக்கைப் போட்டதும் ரினி கண்ணாடி அறையின் கதவைத் திறந்துகொண்டு தலையை நீட்டினாள். ஸோரமி அவளை உள்ளே கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து பதிய எனக்குச் சோம்பல். முதல் பதினோரு விநாடியை விட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அப்படியே வைத்துவிட்டேன்.

பதினோரு விநாடி. ஸோரமி மிசோவில் மகளைக் கூப்பிடுகிறாள். ஒரு சிரிப்பு. ஏதோ ஒரு மிரட்டல், பாதியில் விட்ட மூச்சோடு. பிறகு ஒரு நீண்ட, தணிந்த வாக்கியம். அவ்வளவுதான். அப்புறம் நாற்பத்தொன்பது விநாடி ஒன்றுமே இல்லை, இரண்டு பேர் மூச்சு விடுவதைத் தவிர.

பதினோரு விநாடியை வைத்து ஒரு பொறியும் செய்ய முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்போதே ஸோரமியைப் போனில் கூப்பிட்டேன். அவளுக்கு ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்ற சந்தோஷம் எனக்கு. கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இதுவரை செய்த எல்லாவற்றையும்விட இதைத்தான் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

மாலை நாலு மணிக்கு வந்தாள், காப்பகம் முடிந்து ரினியையும் கூட்டிக்கொண்டு. குழந்தை அம்மாவின் சுட்டுவிரலைப் பிடித்தபடி, பக்கத்துக் கடைப் பன்னைத் தின்றுகொண்டு நின்றாள்.

"உக்காருங்க சிஸ்டர். ஒண்ணு கேளுங்க," என்று பெரிய ஒலிபெருக்கியில் போட்டேன்.

முதல் அழைப்பு வந்ததும் ரினியின் கையிலிருந்து பன் விழுந்தது.

"க நூ!"

அம்மாவை மிசோவில் அப்படிக் கூப்பிடுவார்கள். ஆறு மாதமாக நான் கேட்காத வார்த்தை. கத்திக்கொண்டே ஓடினாள். அம்மாவின் விரலை உதறிவிட்டு, அம்மாவைத் தாண்டி ஓடினாள். ஒலிபெருக்கியின் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே இல்லை என்றதும் கண்ணாடி அறையின் கனத்த கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து உள்ளே போனாள். உள்ளே நாற்காலி, ஒலிவாங்கி, காலியான ஒரு டம்ளர். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

ஸோரமி எழுந்திருக்கவே இல்லை. விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது, யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

ரினி வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்னிடம் வந்து, அழாமல், பொறுமையாக, தமிழில் கேட்டாள்.

"ஆன்ட்டி, எங்க அம்மாவ எப்ப வெளிய விடுவீங்க?"

நான் ஒலிபெருக்கியை அணைத்தேன்.

ஸோரமிதான் சொன்னாள். வாயைத் திறந்து ஒரு கணம் தயங்கினாள். பட்டையைத் தமிழுக்கு மாற்றினாள்.

"அம்மா வெளிய வந்துட்டேன் கண்ணு," என்றாள். "வந்து எத்தினி நாளாவுது! இங்கதான் கீறேன் பாரு."

கொஞ்சல் அப்படியே விழுந்தது. ஏறவேண்டிய இடத்தில் ஏறி, நெளியவேண்டிய இடத்தில் நெளிந்தது. எங்கள் வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ரினி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஸோரமி அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"அழிச்சிடுங்கக்கா."

"சிஸ்டர், வேணாம். உங்களுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். நான் ஒரு பிரதி எடுத்துத் தர்றேன். நீங்க தனியா இருக்கறப்ப..."

"அது உள்ள கீற வரைக்கும் நான் ஆன்ட்டிதான்." பட்டை சத்தத்தைத் தானாகவே தணித்துக்கொண்டது. "எங்க பாஷையயும் எடுத்துடுங்க. தமிழ் மட்டும் வெச்சிடுங்க. போதும்."

பட்டியலில் இல்லாத பதிவு. விதிப்படி அழிக்க வேண்டியதுதான். படிவத்தில் அவள் ஒரு கையெழுத்துப் போட்டாள், நான் ஒன்று போட்டேன். 'பேசும் மொழி' என்ற இடத்தில் மிசோ என்றிருந்ததை அவளே அடித்தாள். பதினோரு விநாடியை வெட்டி எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே அழித்தேன். மீதி நாற்பத்தொன்பது விநாடியைத் தொடவில்லை. அது அவள் பட்டைக்குள்ளேயே இருக்கிறது. அவள் தமிழ் பேசும்போது வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் அந்த அமைதிதான் போகிறது, மகள் மடியில் உட்கார்ந்து மூச்சுவிட்ட அமைதி. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

கிளம்பினார்கள். வேறு பன் வாங்கித் தருகிறேன் என்று அம்மா சொன்னாள், கிரீம் வைத்தது வேண்டும் என்று மகள் சொன்னாள். இரண்டு பேரும் தமிழில் பேரம் பேசிக்கொண்டே வாசல்வரை போனார்கள்.

வாசலில் ரினி நின்றாள். "இரும்மா," என்று கையை விடுவித்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். கண்ணாடி அறையின் கதவருகே போய், கதவில் வாயை வைத்து, காலி நாற்காலியிடம் மிசோவில் ஏதோ சொன்னாள். நீளமான, தணிந்த ஒரு வாக்கியம். கடைசியில் பாதியில் விட்ட ஒரு மூச்சு. அந்தப் பதினோரு விநாடியில் நான் கேட்ட அதே ஏற்றம், அதே இறக்கம். கீழே போய் அங்கேயே குந்திக்கொண்ட அதே தாழ்வு. சொல்லி முடித்துவிட்டு, என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அம்மாவிடம் ஓடிப்போனாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஸோரமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளிடம் நான் கேட்கவில்லை.

சிவப்பு விளக்கு எரியவில்லை. ஒலிவாங்கியையும் நான் அணைத்து வைத்திருந்தேன்.